தண்ணீர் குடிக்க வந்தவர்

பிள்ளைகளே,

நேற்று உங்கள் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டீர்கள். உள்ளே கட்டிலில் இருந்தது உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா. "அடுத்தது என்ன ஸ்டேஷன்? இறங்கணும், அடுத்தது என்ன ஸ்டேஷன்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வயதில் எனக்கும் இப்படி ஒரு தாத்தா இருந்தார். எனக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் இருந்தது. அந்த ஒரு மே மாதத்தில் நான் பார்த்ததை எழுதிவைத்தால் உங்களுக்குத் துணையாக இருக்கும் என்று தோன்றியது.

பெரியவளே, உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும். பரவாயில்லை, மெதுவாக வாசி. தம்பிக்கு நீ வாசித்துச் சொல்லு. நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். என் தமிழ் முனிசிபாலிட்டிப் பள்ளித் தமிழ். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்தோம். ஹவுசிங் போர்டு கட்டிய ஒற்றை அறை வீடுகள், ஓடு போட்டவை, நாலு வரிசை. நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் நடுவில் சிமென்ட் மேடையில் ஒரு குழாய். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவர்களுக்கு அந்தக் குழாயடிச் சத்தம் காதில் கேட்கும். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதற்கு முன்பே குடங்களும் டால்டா டின்களும் வரிசையில் நிற்கும். முதல் சொட்டு விழுந்ததும் எதிர் வீட்டு மராட்டிக்காரம்மா, நாங்கள் மாவுஷி என்று கூப்பிடுகிறவள், "பாணி ஆலே!", தண்ணீர் வந்தாச்சு, என்று ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான், எல்லாக் கதவும் திறந்துகொள்ளும்.

தாராவியில் எங்கள் சந்து முழுக்க ஊர்க்காரர்கள். ஊரில் யார் எந்தத் தெரு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். செம்பூரில் நாங்கள் வெறும் மதராசி. 'மதராசி' என்று யாராவது கூப்பிட்டால் மற்ற தமிழர்கள் முறைப்பார்கள். என் அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெயர் அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாவைப் பெற்ற தாத்தா எங்களோடுதான் இருந்தார். தாராவியில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், முடியாமல் போகிறவரை வேலை பார்த்தவர். எத்தனை முறை குளித்தாலும் அவர் மேலிருந்து ஆவாரம் பட்டை வாசனை போகாது. பேச்சு குறைவு. எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வருகிறவர்கள் கூடி உட்கார்ந்தால், யார் எதற்குப் பம்பாய் வந்தார்கள் என்று பேச்சு வரும். ஒருவர் பஞ்சம் என்பார், ஒருவர் மில் வேலை என்பார். தாத்தாவிடம் கேட்டால், "நான் தண்ணி குடிக்க வந்தேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

இன்னொரு பழக்கம் உண்டு அவருக்கு. வெளியே போய்விட்டு வந்தால் நேரே குழாயடிக்குப் போவார். டம்ளரில் பிடித்துக் குடிக்கமாட்டார். குனிந்து, குழாயிலேயே வாயை வைத்து, தாடி நனைய, மாடு குடிக்கிற மாதிரி குடிப்பார். வரிசையில் நிற்கிற பெண்கள் முகம் சுளிப்பார்கள். மாவுஷி "பாபா, ஜூட்டா!" என்று எச்சில் பட்டதற்காகச் சத்தம் போட்டுவிட்டு, சாம்பல் போட்டுக் குழாயைத் தேய்ப்பாள். தாத்தா வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு ராஜா மாதிரி நடந்து வருவார். அம்மாவுக்கு மானம் போகும். "வயசானா நாகரிகம் வராதா" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லுவாள்.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் பஸ் மாறி ஏறிப் போனார். சட்டையை உள்வெளி மாற்றிப் போட்டார். என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார். அப்போது பம்பாயில் மதுவிலக்கு. தாராவிச் சந்துகளில் சாராயம் காய்ச்சுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அம்மா நினைத்தது, கிழவர் பழைய கூட்டாளிகளிடம் போய்க் குடித்துவிட்டு வருகிறார் என்று. அவர் தூங்கும்போது வாயை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. சபையின் உபதேசியார் வந்து தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். கம்பவுண்டர் சிவப்பு டானிக் கொடுத்தார். இதற்கு ஒரு பெயர் உண்டு, இது மூளையில் வருகிற நோய் என்று சொல்ல எங்கள் நடுவில் ஆள் இல்லை. "புத்தி பெரண்டு போச்சு" என்றோம், அவ்வளவுதான்.

அந்த மே மாதம் பள்ளி விடுமுறை. அப்பா டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அம்மா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. அதனால் தாத்தா எங்கள் பொறுப்பில் வந்தார். எங்கள் என்றால் நானும் என் அக்காவும், அதாவது உங்கள் அத்தையும். அக்கா அப்போதுதான் பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தாள். மாட்டுங்காவில் டைப்ரைட்டிங் வகுப்புக்குச் சேருவதாக இருந்தவள், தாத்தாவுக்காக அதை விட்டாள். விட்டதில் அவளுக்குக் கோபம். வாளியை வைத்தால் தரை அதிரும்படி வைப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் மாவுஷியின் குரல் கேட்டு நாங்கள் குடத்தோடு இறங்கினோம். தாத்தா எங்களுக்கு முன்பே போயிருந்தார். ஆனால் குழாய்ப் பக்கம் போகவில்லை. முற்றத்தின் ஓரத்தில், சாக்கடைக்குப் பக்கத்தில் நின்றார். நீலக் கரை போட்ட எனாமல் லோட்டாவை முன்னால் தரையில் வைத்துவிட்டு, நாலு எட்டு பின்னால் போய், தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். குழாயில் வாயை வைத்துக் குடிக்கிற மனுஷன் பிள்ளைகளே, அப்படி நின்றார்.

மாவுஷி சிரித்துக்கொண்டே, என்ன பாபா, இன்றைக்கு வெட்கமா என்று மராட்டியில் கேட்டாள். தாத்தா தரையைப் பார்த்தபடியே, "ஒரு சொட்டு ஊத்துங்க நாச்சியாரே" என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாது. லோட்டாவை எடுத்து நிரப்பி அவரிடம் நீட்டினாள். அவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு விலகின பிறகுதான் வந்து எடுத்தார். முற்றத்துப் பிள்ளைகள் இதை விளையாட்டு என்று நினைத்து, அவரைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாக நின்று சிரித்தார்கள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் அது வீட்டுக்குள்ளும் வந்தது. வாசற்படி தாண்ட மறுத்தார். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் குந்தினார். அம்மாவை, தன் மருமகளை, நாச்சியாரே என்றார். டம்ளரை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா கெஞ்சினாள், பிறகு அதட்டினாள், பிறகு அழுதாள். அனலாக அடிக்கிற மே மாதம். வேர்வை வழிகிறது, உதடு வெடிக்கிறது, ஆனால் டம்ளரைத் தொடமாட்டார். வாயைத் திறந்து ஊற்றப்போனால் நடுங்குகிறார்.

அப்போதுதான் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா காலையில் தேங்காய் துருவிவிட்டுப் போட்ட சிரட்டை வாசலில் கிடந்தது. தாத்தா தானாகவே அதை எடுத்தார், துண்டால் துடைத்தார், இரண்டு கையிலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார். நான் செம்பிலிருந்து ஊற்றினேன். மடக்கு மடக்கென்று குடித்தார். இன்னும் நீட்டினார், இன்னும் ஊற்றினேன். எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவால் முடியாதது என்னால் முடிந்துவிட்டது. அப்பா ஷிப்டு முடிந்து வருகிறபோது காட்டவேண்டும் என்று அந்தச் சிரட்டையைக் கழுவி எடுத்துவைத்திருந்தேன்.

அப்பா வந்தார். நான் பெருமையாக அவர் கண் முன்னாலேயே ஊற்றினேன்.

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "யாரு குடுத்தா இதை?" என்றார்.

"நாந்தாம்ப்பா. தாத்தா இதுலன்னா குடிக்காவ."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. தாத்தாவின் கையிலிருந்து சிரட்டையை வாங்கி, சுவரில் ஓங்கி எறிந்தார். அது உடைந்து சிதறியது. தாத்தா உடனே தலைமேல் இரண்டு கையையும் வைத்துச் சுருண்டு உட்கார்ந்தார், அடி விழும் என்று எதிர்பார்க்கிற மாதிரி. அப்பா அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கய்யாவுக்கு இனிமே யாரும் மேல நின்னு ஊத்தக்கூடாது. டம்ளர்ல குடுங்க. குடிச்சா குடிக்கட்டும். இல்லன்னா இந்த வாரம் ஊருக்குப் போற சபைக்காரரோட ரயில் ஏத்தி விட்டுருதேன். எந்தங்கச்சி பாத்துக்குவா."

இதற்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அம்மாதான் சொன்னாள். சொல்வதற்கு முன்னால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். ஊர்க் கிணறு ஒன்று உண்டு என்றாள். அதில் எங்கள் தெருக்காரர்கள் கயிறு விடக்கூடாது. குடத்தைத் தூரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டும். யாராவது மனசு வைத்து ஊற்றினால் உண்டு. துண்டு தோளில் இருக்கக்கூடாது, பேசும்போது மூச்சுக்காற்று படாமல் வாயைப் பொத்தவேண்டும். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று கூரையில் சிரட்டை செருகியிருப்பார்களாம். நாச்சியார் என்பது அந்தக் கிணற்றுக்கு உரிமைப்பட்ட வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிற முறை. இதெல்லாம் பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்றுதான் அப்பா ஊருக்கே எங்களைக் கூட்டிப்போனதில்லை.

நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.  அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா தட்டை வைத்துவிட்டு எதிரே நின்று கேட்டாள்: "எந்தக் கிணத்துக்கு அனுப்பப் போறிய, அப்பா?"

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். 

இப்போது யோசித்தால் எனக்கு அப்பாவின் மேல் கோபம் வருவதில்லை. தன் அய்யா கையேந்துவதைப் பார்க்கக்கூடாது என்கிற வைராக்கியம் அது. ஆனால் அந்த வைராக்கியத்தில் கிழவர் நாக்கு வறண்டுகொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் அவருக்கு எழுந்து நிற்கவே தள்ளாடியது. நனைத்த துணியை உதட்டில் வைத்தோம். கம்பவுண்டர் வந்து தோலைக் கிள்ளிப் பார்த்தார். இன்று இரவுக்குள் தண்ணீர் உள்ளே போகவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்.

சாயங்காலம் மாவுஷியின் குரல் கேட்டது. தாத்தா சுவரைப் பிடித்து எழுந்தார். அந்த எனாமல் லோட்டாவை எடுத்துக்கொண்டு, நடுங்கி நடுங்கிப் போய் அதே சாக்கடையோரத்தில் வைத்துவிட்டு, விலகிக் குந்திக் கையை ஏந்தினார். நிற்க முடியவில்லை. மாவுஷி லோட்டாவை எடுக்கக் குனிந்தாள். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பிறகு அவள் செய்ததைப் பாருங்கள். குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், பாவாடை சேறாவதைப் பார்க்காமல் தாத்தாவுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தினாள். அவரைப் போலவே கையைக் குவித்து ஏந்தினாள். பதினாறு வயதுப் பெண், முற்றத்துச் சனம் அத்தனை பேருக்கும் முன்னால்.

"தாத்தா, எனக்கும் தண்ணி தவிக்கி. யாரும் ஊத்த மாட்டேங்காவ" என்றாள்.

இதை அவள் யோசித்து வைத்திருந்தாளா என்று பின்னால் கேட்டேன். இல்லை, அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால் உட்கார்ந்தேன் என்றாள்.

தாத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். யார் என்று நினைத்தாரோ தெரியாது. அவளுடைய காய்ந்த உதட்டைப் பார்த்தார், ஏந்தின கையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தண்ணீர் சோவென்று மாவுஷியின் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. "பொறு தாயி" என்றார். "ஊத்துவாவ. பொறு." கொஞ்ச நேரம் போனது. அக்கா கையை இறக்கவில்லை. தாத்தாவின் தாடை ஆடத் தொடங்கியது.

பிறகு அவர் கக்கத்திலிருந்து துண்டை எடுத்தார். உதறினார். தலையில் சுற்றிக் கட்டினார்.

மத்தியானம் நிற்க முடியாத மனுஷன் எழுந்தார். லோட்டாவை எடுத்தார். வரிசையாக நின்ற குடங்களுக்கு நடுவில் நடந்தார். சிமென்ட் மேடையில் ஏறினார். மாவுஷியின் குடத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தினார்.   குடத்தை நகர்த்தினால் சண்டைக்கு வருகிறவள்தான் மாவுஷி, அவளே பின்னால் நகர்ந்தாள். லோட்டா நிரம்பி வழிகிறவரை தாத்தா பிடித்தார். பிறகு எங்கள் எல்லோரையும், எங்களுக்குப் பின்னால் வேறு யாரையோ பார்த்துச் சொன்னார்:

"பச்சப்புள்ள தவிக்குது. அடிக்கறவன் அடிச்சுக்க."

அந்த முற்றத்தில் அது புரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். ஆனால் எல்லோரும் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.  பெயர் மறந்து, மகனை மறந்து, வீட்டை மறந்து, எல்லாம் உதிர்ந்துபோன பிறகு பயம் மட்டும்தான் அவருக்குள் மிச்சம் என்று நினைத்திருந்தோம். பயத்துக்கும் அடியில் இது இருந்திருக்கிறது பிள்ளைகளே.

அவர் திரும்பி வந்து அக்காவுக்கு மேலே நின்று ஊற்றவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, லோட்டாவை அவள் வாயில் வைத்துப் பிடித்தார். அவள் குடித்தாள். கண்ணீரும் தண்ணீரும் சேர்ந்து குடித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து லோட்டாவை அவர் வாய்க்குத் திருப்பினாள். குடித்தார். லோட்டா காலியாகிறவரை குடித்தார்.

குடித்து முடித்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் காதில் ரகசியம் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"இனி இங்க இருக்கக்கூடாது தாயி. ஓடிருவோம். பம்பாய்ல தெருவுக்குத் தெரு கொழாய் இருக்காம். யாரும் எவம்னு கேக்க மாட்டானாம்."

அக்கா அவர் தாடியிலிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "வந்துட்டோம் தாத்தா. இதான் பம்பாய்."

அவர் ஓட்டு வீட்டு வரிசைகளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "அப்பிடியா?" என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதன்முதலாக அந்த ஊரில் ரயிலைவிட்டு இறங்குகிற ஒரு வாலிபனின் முகம் அது.

அப்பா வந்ததும் அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "துண்டைத் தலையில கெட்டினாவளா?"

"ஆமாப்பா. கெட்டினாவ."

"நல்லாக் கெட்டினாவளா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு தாத்தா படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஊரில் ஒரு பிள்ளைக்காக அவர் அந்தக் கிணற்றில் உண்மையிலேயே கைவைத்தாரா, அதற்காகத்தான் ஓடிவந்தாரா என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. "தண்ணி குடிக்க வந்தேம்பாவ. நாங்களும் சிரிச்சோம்" என்றார். ஊருக்குப் போகிறவர் அந்த வாரம் தனியாகத்தான் ரயில் ஏறினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாளும் அவர் தள்ளித்தான் நின்றார். மறுநாளும் அக்காவுக்குத் தவிக்கவேண்டியிருந்தது. சில நாள் பலித்தது, சில நாள் இல்லை. சில நாள் அவளைத் தள்ளிவிட்டார். பாயை நனைத்தார், சோற்றைத் துப்பினார், அக்கா அவரைத் திட்டினாள், பிறகு நான் அக்காவைத் திட்டினேன். ஆனால் மாவுஷி எப்படியோ விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அக்காவால் வரமுடியாத நாட்களில் தன் பேத்தியை அனுப்பி அவர் பக்கத்தில் உட்காரவைப்பாள். முன்பு கேலி செய்த பிள்ளைகளே முறை போட்டுக்கொண்டு தவித்தார்கள். எங்கள் முற்றத்தில் அந்தக் கோடை முழுக்கப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது தாத்தாதான். மழைக்காலம் பிடித்து ஓய்வதற்குள் அவர் போய்விட்டார்.

உங்கள் அம்மாவின் அப்பா எந்த ஸ்டேஷனில் இறங்கவேண்டும் என்று கேட்கிறார், அங்கே அவருக்காக யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு நான் அந்தக் கட்டிலில் அவர் பக்கத்து ஸீட்டில் உட்காரலாம் என்று இருக்கிறேன். இடம் இருக்கிறது. நீங்களும் வரலாம்.

அக்கா மண்ணில் குந்திய அந்த முதல் நாளில் இன்னும் ஒன்று உண்டு. அதை உங்கள் அத்தைக்கும் சொன்னதில்லை. பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா தாத்தாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் யாரும் இல்லை. நான் சிமென்ட் மேடையில் ஏறி, குனிந்து, அந்தக் குழாயிலேயே வாயை வைத்து, சட்டை நனைய, தண்ணீர் நிற்கிறவரை குடித்தேன்.